கோழியின் வலது

இன்று ஆராதனை முடிந்து வருகிற வழியில் உன் தம்பியின் கோழிக்கடைக்கு முன்னால் வண்டியை நிறுத்தியதுமே அந்த வாசனை வந்துவிட்டது. மஞ்சள் பூசிய நாட்டுக்கோழியைத் தீயில் வாட்டும்போது வருமே, கொஞ்சம் கருகலும் நிறையப் பசியும் கலந்த வாசனை. கல்லூரியில் நீ பக்கத்தில் வந்து உட்கார்ந்த முதல் நாள் உன் துப்பட்டாவிலிருந்தும் இதேதான் வந்தது. நான் மூக்கைச் சுளித்தேனாம். "எங்க வூட்டு வாசனைடி இது. புடிக்கலன்னா அந்தப் பக்கம் போ," என்றாய். நான் போகவில்லை. கடைசி வரைக்கும் போகவில்லை.

கடையில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். எனக்கு முன்னால் நின்ற ஒருவர், "வலது தொடைய தனியா போடுப்பா, புள்ளைக்கு," என்றார். உன் தம்பி கத்தியைத் தூக்கியபடி கேட்டான், "யார் வலதுங்க? உங்களுதா, கோழியோடதா?" அந்த மனிதர் இவனுக்குப் பித்துப் பிடித்துவிட்டதோ என்று பார்த்தார். நான் நடுத்தெருவில் நின்று வாய்விட்டுச் சிரித்தேன். அவனும் சிரித்தான். அப்புறம் ரெண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருந்தோம். அதனால்தான் வீட்டுக்கு வந்ததும் குழம்பை அடுப்பில் வைத்துவிட்டு உனக்கு இதை எழுத உட்கார்ந்தேன்.

உனக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரே கேள்வி. உங்கள் அத்தா கடையில் கூண்டு கூண்டாகக் கோழியைப் பார்த்து வளர்ந்தவள் நீ. ஒரே அடையில் பொரித்தது, ஒரே தீனி, ஒன்று கொண்டையைச் சிலுப்பிக்கொண்டு சண்டைக்கு நிற்கிறது, இன்னொன்று மூலையில் மண்ணைக் கிளறிக்கொண்டு கிடக்கிறது. ஏன்? விலங்கியல் படித்து முடித்ததும் நான் பரீட்சை எழுதிக் கால்நடை ஆய்வாளர் வேலைக்குப் போய்விட்டேன். நீ அந்த ஒரு கேள்வியைத் தூக்கிக்கொண்டு ஆராய்ச்சிக்குச் சென்னை போனாய். ஊரில் எல்லாருக்கும் வேடிக்கை. "கோழிக்கடைக்காரர் பொண்ணு கோழியப் பத்தியே டாக்டர் பட்டம் வாங்கப் போவுதாம்," என்றார்கள். "வாங்கினா கடை போர்டுல போட்டுடுவேன்," என்றார் உங்கள் அத்தா.

உளுந்தூர்பேட்டையில் பஸ் மாறி நீ ஊருக்கு வருகிற சனிக்கிழமைகளில் எனக்குப் பாடம் நடக்கும். நான் கேட்டேனா என்று நீ ஒருநாளும் யோசித்ததில்லை. நமக்கு எக்ஸ், ஒய் மாதிரி பறவைகளுக்கு இசட், டபிள்யூ. ஆனால் கணக்கு தலைகீழ். சேவலுக்கு இசட் ரெண்டு. பெட்டைக்கு இசட் ஒன்று, டபிள்யூ ஒன்று. ஆதியில் அவை ரெண்டும் ஒரே மாதிரியான ஜோடி என்று நீ சொன்னபோது, பின்னே எப்படி டபிள்யூ இவ்வளவு குட்டையாகப் போனது என்று கேட்டேன்.

"அக்கா தங்கச்சி ரெண்டு பேரு, ஒரே பீரோ. பொடவைய மாத்தி மாத்திக் கட்டிக்கினு இருந்தாங்க. ஒண்ணு கிழிஞ்சா இன்னொண்ணு இருக்கும். ஒருநாளு சண்ட வந்து பேச்சு நின்னுபோச்சு. இசட்டு சேவல் உடம்புக்குள்ள போனா அங்க இன்னொரு இசட்டு இருக்கும், அதுங்கிட்ட மாத்திக்கும். டபிள்யூ பாவம்டி. பெட்டை உடம்புல மட்டும்தான் இருக்கும், அதுக்கு ஜோடியே கெடையாது. கிழிஞ்சது கிழிஞ்சதுதான்."

"அப்ப ஒருநாளு இல்லாமலே பூடுமா?"

"யாரு சொன்னா? ரொம்ப முக்கியமானத மட்டும் கெட்டியா புடிச்சுக்கினு நிக்குது. சும்மாவா, பெட்டை அது."

உன் ஆராய்ச்சி அதற்கு அடுத்த கேள்வியில் இருந்தது. சேவலுக்கு இசட் ரெண்டு இருந்தால் அதிலுள்ள மரபணுக்கள் எல்லாம் பெட்டையில் செய்வதைப் போல ரெண்டு மடங்கு வேலை செய்யுமா? மனிதர்களில் பெண்ணின் செல்களில் ஒரு எக்ஸ் கிட்டத்தட்ட முழுதாக அணைந்துவிடும். "டிரான்ஸ்ஃபார்மர்லயே தெருவுக்கு கரண்ட்ட புடுங்கற மாதிரி," என்பாய். "கோழில அப்படி இல்ல. வூட்டுக்கு வூடு அவங்கவங்க சுவிட்சு. ஒருத்தர் ஃபேன கம்மி பண்ணிக்குவாரு, ஒருத்தர் ஜாஸ்தியாவே வுட்டுடுவாரு." அதனால் மொத்தத்தில் சேவலில் அந்த மரபணுக்களின் குரல் கொஞ்சம் ஓங்கியே இருக்கும். ஆனால் இதற்குக் காரணம் செல்லுக்குள்ளேயே இருக்கிறதா, இல்லை இரத்தத்தில் ஓடுகிற ஹார்மோனா? அதைப் பிரித்துப் பார்க்க, ஒரே இரத்தம் ஓடுகிற ஒரே உடம்பில் சேவலும் பெட்டையும் சேர்ந்து இருக்க வேண்டும். எங்கோ அபூர்வமாக அப்படிக் கோழிகள் பிறக்கும் என்று படித்திருந்தாய். அப்படி ஒன்று கிடைத்தால் உன் ஆய்வேட்டுக்கு ஒரு அத்தியாயமே தேறிவிடும், கிடைக்காவிட்டால் அந்த அத்தியாயத்தை மறந்துவிட வேண்டியதுதான் என்று உன் கைடு சொல்லியிருந்தார். தெரிந்த கோழி வியாபாரிகளிடமெல்லாம் சொல்லிவைத்திருந்தாய். ஒருவரும் கொண்டுவரவில்லை.

கிடைத்தது எனக்கு. கல்வராயன் மலையில், வெள்ளிமலையைத் தாண்டி ஒரு சின்ன ஊரில், பழனியம்மா வீட்டு வாசலில்.

பழனியம்மாவின் பசு கன்று போட முடியாமல் தவித்தபோது இழுத்து வெளியே எடுத்தவள் நான். கையெல்லாம் மரத்துப்போய் உட்கார்ந்திருக்கிறேன், அவள் கோயில் இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டு, "சாமி, சேவல் அறுக்கிறேன்னு சொன்னேன், காப்பாத்திட்ட," என்கிறாள். கன்றை இழுத்தது நான், சேவல் சாமிக்கு! அப்போதே ஒரு குஞ்சைப் பிடித்து இதுதான் என்று நேர்ந்துவிட்டாள். அந்தக் குஞ்சு வளர்ந்து நிற்கும்போதுதான் நான் மறுபடி போனேன். அதன் வலப்பக்கம் நெருப்பு மாதிரி மின்னும் கழுத்து இறகு, அலகுக்குக் கீழே தொங்கும் சிவப்புத் தாடி, காலில் முள். இடப்பக்கம் தவிட்டு நிறம், தாடி துளியூண்டு, முள்ளே இல்லை. நடுவில் கோடு போட்டுப் பிரித்த மாதிரி இருந்தது. சிக்னல் கிடைக்கும் மேட்டுக்கு மூச்சிரைக்க ஓடி உனக்குப் போன் போட்டேன்.

"ஏய், நின்னுக்கினு இருந்தா உக்காரு," என்றேன்.

சாமிக்கு நேர்ந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லி முடித்தேன். "அறுத்துடப் போறாங்கடி, சொல்லி வை, வந்துக்கினே இருக்கேன்," என்று வைத்துவிட்டாய்.

ஆனால் நீ வந்து கேட்டும் பழனியம்மா மசியவில்லை. "சாமிக்கு நேந்தத ஒத்த எறகு புடுங்கக் கூடாதும்மா. குறை வந்துடும்," என்றாள். திருவிழா அந்த வாரமே. அறுத்த கையோடு கொதிக்கிற நீரில் முக்கிவிடுவார்கள், அதற்கப்புறம் உனக்கு ஒன்றும் தேறாது. நல்லவேளையாக ஊரிலேயே ஒரு சண்டை ஓடிக்கொண்டிருந்தது. சாமி கேட்பது சேவல், இது சேவலா என்று ஒரு கட்சி. கூவுதே, அப்புறம் என்ன என்று இன்னொரு கட்சி. கோயிலுக்கு முன்னால் எல்லாரும் கூடியிருக்க, பூசாரி உன்னைப் பார்த்துக் கேட்டார், "நீங்க படிச்சவங்க. நீங்களே சொல்லிடுங்க. இது சேவலா, பெட்டையா?"

நான் உன் முதுகில் கிள்ளினேன். பெட்டை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், கோழி நம் கைக்கு வந்துவிடும். யாருக்கும் நஷ்டமில்லை. நீ என் கையைத் தட்டிவிட்டு, கோழியைத் தொட்டுத் தொட்டுக் காட்டினாய். "இந்தப் பக்கம் சேவலுங்க. அந்தப் பக்கம் பெட்டை. ரெண்டுமே நெசம். ஒண்ணுன்னு சொன்னா நான் பொய் சொன்ன மாதிரி ஆயிடும்."

அரிச்சந்திரன் வீட்டுப் பெண் என்று வாய்க்குள்ளேயே உன்னைத் திட்டித் தீர்த்தேன். ஆனால் பூசாரிக்கு உன் பதில் பிடித்திருந்தது. "அப்ப சாமியத்தான் கேக்கணும்," என்று செம்புத் தண்ணீரை எடுத்துக் கோழியின் தலையில் தெளித்தார். கோழி உடம்பைச் சிலிர்த்து உதறினால் சாமி ஏற்றுக்கொண்டது என்று அர்த்தம். எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். நீ என் கையை நசுக்கியதில் மோதிரம் விரலில் பதிந்துவிட்டது. கோழி உதறவில்லை. மறுபடி தெளித்தார். அது தண்ணீர் சொட்டச் சொட்டக் குனிந்து பூசாரி காலடியில் கிடந்த அரிசியைப் பொறுக்க ஆரம்பித்தது. பக்கத்து வீட்டிலிருந்து வேறு சேவல் வந்தது. அது தண்ணீர் பட்டதுமே உதறியது. குலவைச் சத்தம் அடங்கியதும் பழனியம்மா உன்னிடம் வந்து, "இப்ப எறகு எடுத்துக்கோம்மா. ஆனா அறுக்கக் கூடாது. சாமியே வேணாம்னு வுட்டத நாம தொடக் கூடாது," என்றாள்.

"எறகே போதுங்க," என்றாய். புதிதாய் முளைத்துவரும் இறகின் அடிக்குழலில் இன்னும் இரத்தம் ஓடும், உயிருள்ள செல்கள் இருக்கும். நான் கோழியை மல்லாக்க மடியில் கிடத்திப் பிடித்துக்கொண்டேன். நீ அதன் கால்மாட்டில் உட்கார்ந்து நெஞ்சின் ரெண்டு பக்கத்திலிருந்தும் இறகைப் பிடுங்கி மருந்துத் தண்ணீர் குப்பிகளில் போட்டாய். சேவல், பெட்டை என்று குப்பியில் எழுதக் கூடாது, சோதிப்பவருக்கு எது எதுவென்று தெரிந்தால் மனசு ஏமாற்றும், வலது இடது என்று மட்டும் எழுது என்றது கைடின் கட்டளை. நீ சொல்லச் சொல்ல நான் எழுதினேன். என் தடுப்பூசி ஐஸ் பெட்டியில் வைத்து மலையிலிருந்து இறக்கினோம். கச்சிராயபாளையம் வரும் வரை பஸ்ஸில் அந்தப் பெட்டியைப் பிள்ளை மாதிரி மடியில் வைத்துக்கொண்டிருந்தாய்.

முடிவு வந்தபோது உன் குரலே சரியில்லை. வலது என்று எழுதிய குப்பியில் டபிள்யூ இருக்கிறது. இடது என்று எழுதியதில் ரெண்டு இசட். போட்டோவிலோ வலப்பக்கம்தான் சேவல். தலைகீழ். குப்பி மாறியிருக்கும், இதை நம்பி எழுத முடியாது, அத்தியாயத்தை விட்டுவிடு என்றார் கைடு. குப்பியை மாற்றியது நானாக இருக்குமோ என்று எனக்குச் சோறு இறங்கவில்லை. "நீ இல்லடி," என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாய். எப்படி என்று உனக்கும் தெரியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்கள் கடையில்தான் அது வெளிச்சத்துக்கு வந்தது. உன் தம்பி கோழியைப் பலகையில் மல்லாக்கப் போட்டு, கால் தன் பக்கம் இருக்க, "இந்தா வலது தொட," என்று வெட்டித் தள்ளினான். நீ கல்லாவிலிருந்து எழுந்து வந்தாய்.

"டேய், எது வலது?"

"இதுதாங்க்கா." தன் வலக்கைப் பக்கம் இருந்ததைக் காட்டினான்.

"அது உனக்கு வலதுடா. மல்லாக்கக் கெடக்குதே, கோழிக்கு அது எது?"

"இன்னாக்கா நீ, கோழியா வந்து கேக்கப் போவுது?"

நீ அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாய். உங்கள் தாத்தா, அத்தா, தம்பி, எல்லாருக்கும் வெட்டுகிறவர் கை வலதுதான் கோழிக்கும் வலது. அந்தப் பலகைப் பழக்கம் உன்னோடு மலை ஏறி வந்திருக்கிறது. கோழியின் கால்மாட்டில் உட்கார்ந்து உன் வலக்கைப் பக்கம் பிடுங்கியதையெல்லாம் வலது என்று சொல்லியிருக்கிறாய். கைடிடம் சொன்னாய். அவர் நம்பினார். நல்ல மனிதர், ஆனால் கறாரான மனிதர். "நீ சொல்றது சரியா இருக்கும். ஆனா முடிவைப் பார்த்த பிறகு வந்த ஞாபகத்தைச் சாட்சியா வெச்சு எழுத முடியாது. மறுபடி எடுத்து வா," என்றார்.

மறுபடி எடுக்க உன்னால் முடியவில்லை. அதற்குள் மார்பில் கட்டி என்று தெரிந்து மருந்து ஏற்ற ஆரம்பித்திருந்தார்கள். மலைப் பாதையின் முதல் வளைவிலேயே உனக்கு வாந்தி வரும். அதே சமயம் மலையில் வெள்ளைக்கழிச்சல் நோய் இறங்கி, ஊர் ஊராகக் கோழிகள் செத்துக்கொண்டிருந்தன. தடுப்பூசிப் பெட்டியோடு நான் கிளம்பிய அன்று நீ படுக்கையிலிருந்து என்னைக் கூப்பிட்டு, "அது உயிரோட இல்லன்னா எங்கிட்ட மறைக்காம சொல்லு. அழமாட்டேன்," என்றாய். பொய். உன் கண் அப்போதே கலங்கியிருந்தது.

பழனியம்மா வீட்டுக் கூண்டு திறந்து கிடந்தது. உள்ளே ஒன்றும் இல்லை. "எங்க பழனியம்மா அது?" என்றேன். அவள் பலாமரத்தைக் கைகாட்டினாள். மேல் கிளையில், ஒரு பக்கம் நெருப்பும் ஒரு பக்கம் தவிடுமாக, உன் அத்தியாயம் உட்கார்ந்துகொண்டிருந்தது. "நோய் வந்ததும் அதுவே மேல ஏறிக்கிச்சு. தீனிக்கு மட்டும் எறங்கும். வேற கோழிங்களோட சேரறதே இல்லம்மா," என்றாள். ஆண்டவரே என்று நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். ஒரு கோழிக்காக ஒரு அரசாங்க ஊழியர் அழுததை அந்த ஊர் இன்னும் பேசுகிறது.

இறகு உதிர்த்துப் புதிது முளைக்கும் சமயம் அது. இந்த முறை கோழியை என்னைப் போலவே முன்பக்கம் பார்க்க மடியில் உட்கார்த்திக்கொண்டேன். அது பார்க்கிற திசையையே நானும் பார்த்தேன். அதன் வலது என் வலது. ரெண்டு பக்கமும் இறகு பிடுங்கிக் குப்பியில் போட்டு எழுதி முடித்து மேட்டுக்குப் போய் உன்னை அழைத்தேன். ஹலோ கூடச் சொல்லவில்லை நீ.

"யார் வலது?"

"கோழியோட வலது," என்றேன். மறுமுனையில் நீ சிரித்ததும் இருமியதும் இப்போதும் காதில் இருக்கிறது.

வலப்பக்கக் குப்பியில் ரெண்டு இசட் உள்ள செல்கள் மிகுந்திருந்தன. இடப்பக்கத்தில் டபிள்யூ. ரெண்டு பக்கமும் ஒரே இதயம்தான் இரத்தம் அனுப்பியது, ஆனாலும் சேவல் பக்கத்துச் செல்கள் இசட்டின் பல மரபணுக்களை ஓங்கிப் பேசின, பெட்டைப் பக்கத்துச் செல்கள் அடக்கிப் பேசின. ஹார்மோன் மட்டும் சொல்லி அவை அப்படி ஆகவில்லை, ஒவ்வொரு செல்லும் தான் யாரென்று தனக்குத்தானே தெரிந்துவைத்திருக்கிறது என்று எழுதினாய். முதலில் செய்த தவறையும் ஒளிக்காமல் எழுதினாய். வாய்மொழித் தேர்வுக்குத் தலையில் துப்பட்டாவை இழுத்துக் கட்டிக்கொண்டு போனாய். தேர்வாளர் ஒருவர், "வலது என்று எதைச் சொல்கிறீர்கள்?" என்று கேட்க, "பறவையின் வலதுங்க ஐயா. அதக் கத்துக்கத்தான் ரெண்டு வாட்டி மலை ஏற வேண்டியிருந்துச்சு," என்றாயாம். உங்கள் அத்தா சொன்னபடியே போர்டில் உன் பெயரை டாக்டர் பட்டத்தோடு போட்டார். இன்று காலை அதைத் துடைத்துப் பொட்டு அழுக்கு இல்லாமல் வைத்திருந்தான் உன் தம்பி.

கடைசி மாதங்களில் நீ துரும்பாய் இளைத்தாய். ஆனால் முகத்தில் குறை இல்லை. ஒருநாள் உன் தலையணையைச் சரிசெய்தபோது சொன்னாய், "டபிள்யூ மாதிரி ஆயிட்டேன்டி. வேண்டியத மட்டும் வெச்சுக்கினு மிச்சத்தெல்லாம் வுட்டுட்டேன். லேசா இருக்குது." என்னென்ன வைத்துக்கொண்டாய் என்று கேட்டேன். "அம்மா கஞ்சி, உன் வாயி, அந்தக் கோழி," என்றாய்.

நீ போன அன்று நாங்கள் பெண்கள் வீட்டிலேயே இருந்தோம். ஆண்கள்தான் உன்னைத் தூக்கிக்கொண்டு போனார்கள். உன் தம்பி திரும்பி வந்தபோது அவன் கையில் இன்னும் மண் ஒட்டியிருந்தது. நான் கேட்காமலே சொன்னான், "வலது பக்கமா சாய்ச்சு, மேற்க பாக்க வெச்சோங்க்கா."

என் வாயில் அது எப்படி வந்தது என்று தெரியவில்லை. அந்தத் துக்க வீட்டில், அத்தனை பேருக்கு நடுவில், "யார் வலதுடா?" என்று கேட்டுவிட்டேன்.

அவன் என்னைப் பார்த்தான். அழுத முகம் அப்படியே சிரிப்பாய் உடைந்தது. "அக்காவோட வலதுதாங்க்கா. உள்ள எறங்கி அவ பக்கத்துல நின்னு, அவ பாக்கற பக்கமே பாத்துக்கினுதான் வெச்சேன்."

பழனியம்மாவின் கோழி இன்னும் இருக்கிறது. கிழடு தட்டிவிட்டது, இடப்பக்கம் வெளுத்து வருகிறது, கூவினால் பாதியில் இருமுகிறது. போன வாரம் அதற்குத் தடுப்பூசி போட்டுவிட்டு வந்தேன். கன்றைத் திருப்பும்போதும் ஆட்டுக்கு ஊசி போடும்போதும், உடல்நிலை சரியில்லாத என் அம்மாவுக்குச் சட்டை மாட்டும்போதும், கை நீட்டுவதற்கு முன் ஒரு நிமிஷம் அவர்கள் பார்க்கிற பக்கமே நானும் திரும்பி நின்றுகொள்கிறேன். அப்புறம்தான் தொடுகிறேன்.